அக்டோபர் நாலு வரை நாள் இருக்கிறது

786
மேற்குத் தாம்பரம்
22.7.2004

ஜஹீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் செய்தால் உன் அண்ணன் ஜாகிர் எடுக்கிறார். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். மூன்று தரம் ஆயிற்று. நாலாவது தரம் செய்ய என் மானம் ரோஷம் தடுக்கிறது. அதனால்தான் கடிதம். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆயிரம் ஆயிரமாகப் பத்திரிகை அடித்தவன், சொந்தமாக ஒரு கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியவில்லை.

விஷயம் இதுதான். கடை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்தால் உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது. விண்டோஸ் 98 படம் வந்து அப்படியே நிற்கிறது. நாலு தரம் அணைத்துப் போட்டால் ஒரு தரம் வருகிறது. முடிச்சூர் ரோட்டில் ஒருவனிடம் கேட்டேன். "தொண்ணூத்தெட்டுலாம் இப்ப யார் சார் வச்சிக்கினு கீறாங்க? எக்ஸ்பி போட்டுக்க சார், பேஜார் பண்ணாத" என்றான். எக்ஸ்பி போட்டால் நம் தமிழ், அரபி எழுத்து மென்பொருள் ஓடாது என்று நீ தலைபாடாக அடித்துக்கொள்வாயே, அதைச் சொன்னேன். "அப்ப மெஷினையே தூக்கிப் போடு" என்றான். போய்யா என்று வந்துவிட்டேன். இந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். ஷஅபான் மாசம் வரப்போகிறது. நோன்புக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஊரே பறக்கும். என்ன செய்வது என்று உடனே எழுது.

இன்னொன்று. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். நான் ஒரு தலாக்தான் சொல்லியிருக்கிறேன், இத்தா என்று பெண் காத்திருக்கும் காலம் முடிவதற்குள் மீட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் பழையபடி புருஷன் பெண்டாட்டிதான், மறுபடி நிக்காஹ்கூட வேண்டாம் என்றார். நான் சொன்னது ஜூலை நாலு. அக்டோபர் நாலு வரை நாள் இருக்கிறது. நீயும் யோசி.

அஸ்கர்


கேளம்பாக்கம்
27.7.2004

வஅலைக்கும் ஸலாம்.

மேலே பெயர் இல்லாததற்குக் காரணம், எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியாததுதான். மச்சான் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

"நீயும் யோசி" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எதை யோசிக்க? பத்துப் பேர் முன்னால் சொன்னவர் நீங்கள். மீட்க வேண்டியவரும் நீங்கள். என் கையில் என்ன இருக்கிறது, அண்ணன் வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணுவதைத் தவிர? அப்புறம், மெஷினுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு நாலு வரி. பரவாயில்லை. பழகியதுதான்.

மெஷினுக்கு வருகிறேன். டிக் டிக் என்றால் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். இனி ஆன் செய்யவே செய்யாதீர்கள். நாலு தரம் அணைத்து அணைத்துப் போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருஷத்து டிசைன் எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் போய் நாற்பது ஜிபியில் புது டிஸ்க் ஒன்று வாங்குங்கள். வாங்கி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் சொல்லாமல் எதையும் மாட்ட வேண்டாம். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும்.

சாப்பாடு எங்கே? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஜஹீரா


786
மேற்குத் தாம்பரம்
5.8.2004

ஜஹீராவுக்கு,

ஸலாம். சாப்பாடு ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில். சாம்பாரில் உப்பு இருந்தால் ரசத்தில் இருக்காது, ரசத்தில் இருந்தால் மோரில் இருக்காது. உயிர் இருக்கிறது.

டிஸ்க் வாங்கினேன். நீ திட்டுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாட்டிவிட்டேன். அதில் என்ன பிரம்ம வித்தை, பழையது இருந்த கேபிளிலேயே இன்னொரு முனை காலியாக இருந்தது, செருகினேன். இப்போது புதுசும் தெரியவில்லை, பழசும் தெரியவில்லை. டிஸ்கே இல்லாத மெஷின் மாதிரி முழிக்கிறது. முன்னால் டிக் டிக் என்றாவது உயிரோடு இருந்தது. இப்போது அதுவும் போச்சு. உனக்குச் சந்தோஷமா?

இன்றைக்கு ஒரு பையனும் அவன் அம்மாவும் காட்டாங்குளத்தூரிலிருந்து வந்தார்கள். "அக்கா இல்லியா? அவங்க போட்ட கார்டு மாதிரியே வேணும்" என்றார்கள். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். வேறு என்ன சொல்ல?

சீக்கிரம் எழுது.

அஸ்கர்


கேளம்பாக்கம்
10.8.2004

மச்சான்,

இந்தத் தடவை கிழிக்கவில்லை. "வந்துவிடுவாள்" என்று யாரோ ஒரு பையனின் அம்மாவிடம் சொல்லத் தெரிகிறது. அதை என்னிடம் சொல்லத் தெரியவில்லையே!

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மாஸ்டராகவும் ஒன்று ஸ்லேவாகவும் இருக்க வேண்டும். நீங்கள் மாட்டியதில் இரண்டுமே மாஸ்டர். இரண்டும் பேச ஆரம்பித்தால் மெஷினுக்கு ஒன்றும் கேட்காது. பழைய டிஸ்கின் பின்பக்கம் குட்டியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும், ஜம்பர் என்பார்கள். டிஸ்கின் மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அதை ஸ்லேவ் என்ற இடத்துக்கு மாற்றுங்கள். புதுசைத் தொட வேண்டாம்.

பிறகு மேஜையின் இடது டிராயரில் சிவப்பு ஃபிளாப்பி இருக்கிறது. அதைப் போட்டு ஆன் செய்து, எஃப்டிஸ்க் என்று அடியுங்கள். முதல் டிஸ்கை, அதாவது புதுசை, தேர்ந்தெடுத்து இரண்டாகப் பிரியுங்கள். முழு இடத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும். வேண்டாம் என்பதற்கு என் என்ற இங்கிலீஷ் எழுத்தை அடியுங்கள். பாதி சிஸ்டத்துக்கு, பாதி டிசைனுக்கு. பிரித்து முடித்ததும் அடியில் வார்னிங் என்று ஏதோ வரும். அதைக் கண்டுகொள்ளாமல் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது சொல்வதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். இரண்டு டிஸ்க் இருக்கும்போது எழுத்துக்கள் இடம் மாறிவிடும். புதுசின் முதல் பாதி சி, இரண்டாவது பாதி ஈ. நடுவில் டி என்று காட்டுவது பழைய டிஸ்கின் சி. நம் டிசைன் இருந்த பழைய டி இப்போது எஃப் என்று வரும். ஆகவே ஃபார்மட் செய்வது சி, ஈ இரண்டை மட்டும்தான். பழக்கதோஷத்தில் டி என்று அடித்துத் தொலைக்காதீர்கள். அடிக்குமுன் அளவைப் பாருங்கள். இரண்டு ஜிபி என்று காட்டினால் அது பழசு, கையை எடுத்துவிடுங்கள். 98 சிடி கீறல் விழுந்தது, வேலைக்கு ஆகாது. அதன் நகலை எஃப்பில் வின்98 என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து செட்டப் போடுங்கள்.

இவ்வளவு எழுதியதும் கை வலிக்கிறது. ஆனால் இதையும் எழுதாமல் என்னால் முடியாது. ஏப்ரல் பத்தொன்பது அன்றைக்கும் நீங்கள் இதே மெஷினுக்கு 98 போட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். எனக்கு ஐந்தாம் மாசம். முதல் தரம் போன் செய்து வயிறு வலிக்கிறது என்றேன். "காப்பி ஆயிட்டிருக்கு, பத்து நிமிஷம்" என்றீர்கள். இரண்டாவது தரம் இரத்தம் போகிறது என்றேன். "இன்னும் பத்து பர்சென்ட்தான், இதோ" என்றீர்கள். பக்கத்து வீட்டு ஞானாம்பாள் அக்கா ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனார்கள். நீங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் முன்னால் வந்திருந்தாலும் பிள்ளை நின்றிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். எனக்குத் தெரியும். ஆனால் நான் தனியாக இருந்திருக்க மாட்டேன். இதைத்தான் ஜூலை நாலு அன்று அண்ணன் வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். சபையில் சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அந்த வார்த்தையா பதில்?

ஜஹீரா


786
மேற்குத் தாம்பரம்
19.8.2004

ஜஹீரா,

உன் கடிதத்தை மானிட்டர் மேல் ஒட்டிவைத்துக்கொண்டு வரிக்கு வரி செய்தேன். ஜம்பர் மாற்றினேன். இரண்டு டிஸ்கும் தெரிந்தன. ஃபிளாப்பி, எஃப்டிஸ்க், என், எஸ்கேப், எல்லாம் நீ சொன்னபடி. ஃபார்மட் அடிக்குமுன் மூன்று தரம் பிஸ்மி சொன்னேன். டியைத் தொடவே இல்லை. டிசைன் எல்லாம் எஃப்பில் பத்திரமாக இருக்கிறது, ஈக்கு நகல் எடுத்தும் வைத்தேன். செட்டப் ஒரு மணி நேரம் ஓடியது. ரீஸ்டார்ட் ஆகும், ஃபிளாப்பியை எடு என்றது, எடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

போட்டு முடித்த கையோடு காணவில்லை என்றால் எங்கே போகும்? மறுபடி போட்டேன். மறுபடி அதே. மூன்று தரம் போட்டுவிட்டேன். நீ இருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

ஏப்ரல் பற்றி. நீ எழுதியதைப் படித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன தெரியும்? வயிற்று வலி என்றாய், மாசத்தில் நாலு தரம் சொல்வாய். வேண்டுமென்றா வராமல் இருந்தேன்? எனக்கும் அது பிள்ளைதான். நான் அழவில்லை என்று எல்லாரும் பார்த்தீர்கள். எங்கே அழுதேன் என்று யாரும் கேட்கவில்லை.

மெஷினுக்கு என்ன வழி? எழுது.

அஸ்கர்


கேளம்பாக்கம்
24.8.2004

மச்சான்,

எங்கே அழுதீர்கள்? நான் கேட்கிறேன். நேரில் வந்து சொல்லுங்கள்.

மெஷின் விஷயத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. உட்கார்ந்து காட்ட வேண்டும். மானிட்டர் வேண்டாம், பெட்டியை மட்டும் ஸ்கூட்டரில் வைத்துக்கட்டிக் கொண்டு வாருங்கள். இங்கே ஜாகிர் அண்ணனின் மானிட்டர் இருக்கிறது. பஸ் என்றால் தாம்பரத்தில் ஏறி வண்டலூர் வழியாக வந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நீங்கள் என்னமோ துபாயில் இருப்பதுபோலவும் நான் இங்கே தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதுபோலவும் இருக்கிறது, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அண்ணன் குன்றத்தூருக்கு ஒரு நிலம் பார்க்கப் போகிறார். இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். கோபம் எல்லாம் போனில்தான்.

அம்மா உங்களுக்குப் பிடித்த இறால் செய்கிறேன் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகத்தான் சொன்னார்கள்.

ஜஹீரா


786
மேற்குத் தாம்பரம்
3.9.2004

ஜஹீரா,

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. ஆனால் அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

குரோம்பேட்டையில் கிட்டு என்று ஒருவன் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். வந்தான். திரையைப் பார்த்தான். ஃபிளாப்பியைப் போட்டு எஃப்டிஸ்க் அடித்தான். "இன்னா சார், பார்ட்டிஷன் பிரிச்சிட்டு ஆக்டிவ் பண்ணாம வுட்டுட்டியே! அப்பால எப்டி சார் பூட் ஆவும்? வார்னிங்னு கொட்டை எழுத்துல வந்திருக்குமே" என்றான். ஒரே ஒரு எண்ணை அழுத்தினான். இரண்டு நிமிஷம். விண்டோஸ் 98 ஜம்மென்று வந்தது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மானிட்டர் மேல் இருந்த உன் கடிதத்தைக் காட்டினேன். முழுசாகப் படித்தான். மேலே இருந்தது மட்டும்தான், ஏப்ரல் எழுதியிருந்த தாளை நான் முன்பே எடுத்துவிட்டேன். "யார் சார் எழுதினது?" என்றான். என் வீட்டில் என்றேன். "ஜம்பர்லேந்து டிரைவ் லெட்டர் வரைக்கும் புட்டுப் புட்டு வச்சிருக்காங்க. இவ்ளோ தெரிஞ்சவங்க இத மறந்திருக்க மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கண்டுகொள்ளாமல் எஸ்கேப் அழுத்துங்கள் என்று எழுதினாயே! வேண்டுமென்றே எழுதினாயா? நான் மூன்று நாள் மூன்று தரம் கிறுக்கன் மாதிரி போட்டுக்கொண்டிருந்தேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டு வேடிக்கை பார்த்தாயா? நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு இது பழியா? உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

அஸ்கர்


கேளம்பாக்கம்
8.9.2004

மச்சான்,

ஆமாம். வேண்டுமென்றேதான் மறைத்தேன்.

அந்த வரியை எழுதுமுன் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மெஷின் ஓடிவிடும். ஓடிவிட்டால் அப்புறம் எனக்கு எழுத உங்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு படியை மட்டும் விட்டுவைத்தால், எல்லாம் பண்ணியாகிவிட்டது, ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். டிசைனுக்கு ஒரு சேதமும் வராதபடிதான் செய்தேன், அது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடினேன். அம்மா இறாலை மூடி வைத்துவிட்டு, "வர்றவங்கன்னா இந்நேரம் வந்திருப்பாங்க, நீ சாப்பிடு" என்றார்கள். நீங்கள் குரோம்பேட்டையிலிருந்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பழி வாங்கத் தெரிந்தவள் என்றால் ஆறு வருஷத்து டிசைனை ஒரே வரியில் அழித்திருப்பேன். அதுகூடவா உங்களுக்குப் புரியவில்லை?

மானத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். தாம்பரத்துக்கு வர வேண்டும். அதற்கு நீங்கள் நேரில் வரக்கூட வேண்டாம். மீட்டுக்கொண்டேன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினாலே போதும் என்று அம்மா விசாரித்துச் சொன்னார்கள். ஒரே ஒரு வரி.

இன்னொரு விஷயம். அக்டோபர் நாலு வரை நாள் இருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். அந்தக் கணக்கை ஹஜ்ரத்திடம் இன்னொரு தரம் கேளுங்கள். இத்தா எப்படி எண்ணுவது என்று கேளுங்கள். இதற்கு மேல் விளக்கமாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது அண்ணன். தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள்.

ஜஹீரா


786
மேற்குத் தாம்பரம்
15.9.2004

என் ஜஹீராவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். என்னை வரவழைக்க மெஷினையே படுக்க வைத்தவள் நீ. உன்னைப் போய்ப் பழிகாரி என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது! மன்னித்துவிடு.

எங்கே அழுதேன் என்று கேட்டாயே. கடைக்குள், கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

நான் தீர்மானித்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை நான் கடிதத்தில் எழுத மாட்டேன். பத்துப் பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்தேன். அதே பத்துப் பேர் முன்னால், உன் அண்ணன் முகத்தைப் பார்த்து, மீட்டுக்கொண்டேன் என்று சொல்லப் போகிறேன். திருட்டுத்தனமாகத் தபாலில் அனுப்புகிற விஷயமா இது? இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஹஜ்ரத் வருகிறார், என் மாமா வருகிறார், கார் சொல்லியாகிவிட்டது. இருபத்துநாலு வரை கையில் இரண்டாயிரம் கார்டு இருக்கிறது, ஒரே வீட்டில் இரண்டு கல்யாணம், சொன்ன தேதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதை முடித்தால் நிம்மதியாக வரலாம். அந்தப் பணம் உன்னை ஒரு நாலு நாள் எங்கேயாவது கூட்டிப் போகவும் ஆகும்.

ஹஜ்ரத்திடம் கணக்குக் கேட்கச் சொன்னாய். அதில் கேட்க என்ன இருக்கிறது? மூன்று மாசம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அக்டோபர் நாலு வரை நாள் இருக்கிறது. இருபத்தாறுக்குப் பிறகும் எட்டு நாள் மிச்சம். நீ வீணாகப் பயப்படாதே.

அம்மாவிடம் இறால் வாங்கி வைக்கச் சொல்.

உன் மச்சான்
அஸ்கர்


கேளம்பாக்கம்
19.9.2004

அஸ்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, சனிக்கிழமை பகலில் கிடைத்தது.

இனிமேல் கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். இத்தா என்பது காலண்டரில் மூன்று மாசம் இல்லை. அது மாசக்குளிப்பு நின்றுபோனவர்களுக்கு. என்னைப் போன்றவளுக்கு மூன்று தரம் தலைமுழுகிச் சுத்தமாகும் வரை. அது என்றைக்கு முடியும் என்று ஹஜ்ரத்துக்குக்கூடத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை, பதினாறாம் தேதி, லுஹர் தொழுகைக்கு முன்னால் மூன்றாவது குளிப்பு குளித்தேன். அதோடு முடிந்தது. நீங்கள் கடிதம் எழுதியது புதன்கிழமை. அந்த ஒரு வரி அதில் இருந்திருந்தால், எனக்குக் கிடைத்தது சனிக்கிழமையானாலும், நான் உங்கள் மனைவியாகத்தான் இருந்திருப்பேன்.

நேற்று கடிதத்தைப் படித்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் குளிக்கலைன்னு சொல்லிடும்மா. பத்து நாள் தள்ளிச் சொன்னா யாரு வந்து பார்க்கப்போறா?" என்று அழுதார்கள். யாரும் பார்க்கப் போவதில்லைதான். நான் சொல்வதுதான் கணக்கு. மெஷினில் ஒரு படியை மறைத்தவள்தானே, இதையும் மறைக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஹராமாக உங்களோடு வாழ எனக்கு இஷ்டமில்லை. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

இருபத்தாறாம் தேதிக் காரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜஹீரா


மேற்குத் தாம்பரம்
22.9.2004

ஜஹீரா,

நேற்று பதினொரு மணிக்கு உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். கடையில் ஆள் இருந்தார்கள், பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் அணைக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். ஹஜ்ரத் கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை சொல்றதுதாம்ப்பா சரி. நீ என்கிட்ட தேதியைக் கேட்கவே இல்லையே, இத்தான்னு சொன்னதும் எழுந்து போயிட்டியே" என்றார். அங்கிருந்து நேராகக் கேளம்பாக்கம் வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஐம்பது நிமிஷம். வெறும் ஐம்பது நிமிஷம் ஜஹீரா! நான் இரண்டு மாசம் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அண்ணன் வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தண்ணீர் கொடுத்தார், தோளில் கை வைத்தார். நீ வெளியே வரவில்லை. வரக் கூடாது என்று எனக்கும் தெரியும், இப்போது நான் அந்நியன்.

புதுசாக நிக்காஹ் செய்யலாம் என்கிறார் ஹஜ்ரத். இரண்டு சாட்சி, மஹர், அவ்வளவுதான், ஒரு தடையும் இல்லை என்கிறார். நீ கேட்கிற மஹர் எதுவானாலும் தருகிறேன். கடையை மூடச் சொன்னால் மூடுகிறேன். அந்தப் பெட்டியைத் தெருவில் போட்டு உடைக்கச் சொன்னால் உடைக்கிறேன். உன் காலில் விழுகிறேன், ஒரு சம்மதம் மட்டும் சொல்.

அஸ்கர்


கேளம்பாக்கம்
30.9.2004

அஸ்கர் அவர்களுக்கு,

நீங்கள் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெலிந்துவிட்டீர்கள். சட்டையின் இரண்டாவது பட்டன் இல்லை. பதில் எழுத எட்டு நாள் ஆனதற்குக் காரணம், நான் எட்டு நாளும் சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அம்மா சரி என்கிறார்கள். அண்ணனும் சரி என்கிறார், நீங்கள் தெருவில் நின்ற கோலத்தைப் பார்த்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் புது நிக்காஹ் என்றால் என் தரப்பு வக்கீலாக ஒருவர் உள்ளே வந்து என்னிடம் சம்மதமா என்று கேட்பார். தலாக் சொன்னபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. மீட்பதாக இருந்தாலும் என்னைக் கேட்க வேண்டியதில்லை, அதனால் எழுபத்துநாலு நாளும் நான் வெறுமனே காத்திருந்தேன். இப்போதுதான் முதல் தரமாக என்னைக் கேட்கிறார்கள். கேட்கும்போது உண்மையைத்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சம்மதமில்லை.

கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை, அது எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நீங்கள் வருகிறவர்தான். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறவர். ஏப்ரலிலும் வந்தீர்கள், இப்போதும் வந்தீர்கள். இரண்டு தரமும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது. மூன்றாவது தரமும் அப்படிக் காத்திருக்க என் உடம்பில் தெம்பில்லை. நான் உங்களோடு இருந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு வாழ்க்கையை வாழ்ந்து உங்களை வெறுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்றைக்கு வரை வெறுக்கவில்லை.

கடையை மூட வேண்டாம். பெட்டியையும் உடைக்க வேண்டாம், அது என்ன செய்யும் பாவம். பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது எந்த நிமிஷமும் போகும். ஈயில் இருக்கும் டிசைனை மாசம் ஒரு தரம் சிடியில் எழுதி வையுங்கள். யார் வந்து கேட்டாலும் இனிமேல் வந்துவிடுவாள் என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எனக்கு இனி எழுதாதீர்கள். மெஷின் நின்றுபோனாலும் எழுதாதீர்கள். எழுதினால் பதில் போட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஜஹீரா